வைக்கோல் கட்டும் இயந்திரம்: அடைப்பு எடுக்கும்போது கவனம் தேவை

சம்பா, தாளடி அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இப்போதெல்லாம் நெல்லுக்கு அடுத்தபடி வைக்கோலைப் பற்றிய பேச்சுத்தான் அதிகமாகக் கேட்கிறது. ஆள் அறுப்பு இருந்த காலத்தில் களத்தில் கட்டடித்து, மாடு விட்டுப் போரடித்து, உதறிக் காயவைத்து, வீட்டுக் கொல்லையில் போர் போட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் மாட்டுக்குக் கவலை இல்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த ஒழுங்கு மாறிவிட்டது. நெல் ஒரு மணி நேரத்தில் கையில் வந்துவிடுகிறது. வைக்கோலோ வயல் நெடுகிலும் நீள வரிசையாக விழுந்துகிடக்கிறது. வாரிக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. வெறுப்பில் தீ வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் கைகொடுப்பதுதான் டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வைக்கோல் கட்டும் இயந்திரம். ‘பேலர்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வரிசையாகக் கிடக்கும் வைக்கோலைத் தானே வாரி, உருட்டி, சணல் நூல் சுற்றிக் கீழே தள்ளிவிடுகிறது. லாரியில் அடுக்க எளிது, கொல்லையில் இடம் குறைவு, வியாபாரிக்கும் எண்ணிக் கொடுக்கலாம். இதன் பயனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

சொல்லவேண்டியது வேறு. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் இந்த இயந்திரத்தை விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் அழைக்கிறார். ஓட்டுவது டிரைவரின் பொறுப்பு என்று வரப்பில் நிற்கிறார். ஆனால் இயந்திரம் அடைத்துக்கொண்டால் உதவிக்குப் போவது அவரும், அவர் வீட்டாரும், கட்டு தூக்க வந்த கூலியாட்களும்தான். இந்த இயந்திரத்தில் கை போவதற்கு அதிக வாய்ப்புள்ள நேரமும் அதுவே. ஆகவே இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திராதவர்களும் அதன் வேலை முறையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

டிராக்டரின் பின்புறம் உள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து பேலருக்குச் சக்தி செல்கிறது. பேலரின் முன்புறம், தரையை ஒட்டினாற்போல், கம்பிப் பற்கள் பதித்த உருளை ஒன்று சுழலும். அது வைக்கோலைத் தரையிலிருந்து வாரி உள்ளே தள்ளும். உள்ளே வட்டமான அறை. அதைச் சுற்றிலும் இரும்பு உருளைகள். சில வகைகளில் உருளைகளுக்குப் பதில் பட்டைகள் இருக்கும். வைக்கோல் இவற்றுக்கு நடுவே பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு பெருக்கிறது. அறை நிறைந்ததும் டிரைவருக்கு விளக்கு அல்லது மணி மூலம் தெரியும். அப்போது அவர் டிராக்டரை முன்னால் செலுத்தாமல் நிறுத்துவார். கட்டின்மீது சணல் நூல் சுற்றப்பட்டு அறுபடும். பின்கதவு திறந்து கட்டு வெளியே உருண்டு விழும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூல் சுற்றும்போது டிராக்டர் நகருவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேலை நின்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் உள்ளே உருளைகள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அவை சுழன்றால்தான் நூல் சுற்றும். ‘வண்டி நின்றுவிட்டது’ என்று எண்ணிக் கிட்டே போய், வாயில் தொங்கும் வைக்கோலைக் கையால் தள்ளிவிடுவது இந்த நேரத்தில்தான். நூல் பிடிக்காமல் நழுவினால் நுனியைக் கையில் எடுத்து உள்ளே கொடுப்பவர்களும் உண்டு. இயந்திரம் சுழலும்போது நூலைக் கையால் ஊட்டக் கூடாது. உருளை நூலைப் பற்றும்போது விரலில் ஒரு சுற்று கிடந்தால் விரலும் நூலோடு போய்விடும்.

செங்கல்போல் நீள்சதுரக் கட்டுக் கட்டும் வகையும் உண்டு. அதில் உருளைகளுக்குப் பதில் முன்னும் பின்னும் இடித்து அமுக்கும் தண்டு இருக்கிறது. அதோடு கனமான சுழல் சக்கரம் ஒன்று. பி.டி.ஓ.வைத் துண்டித்த பிறகும் அந்தச் சக்கரம் தன் கனத்தால் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். இஞ்சின் சத்தம் நின்றதும் கையை விடலாம் என்று எண்ணினால் அங்கே ஏமாந்துபோக நேரும்.

கதிரடிக்கும் இயந்திரம் கற்றுத்தந்தது

பசுமைப் புரட்சிக்குப் பிறகு வட மாநிலங்களில் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் ஏராளமாக வந்தபோது, கதிரை உள்ளே தள்ளும் கை கதிரோடு சேர்ந்து போவது வழக்கமாகிவிட்டது. அதன் விளைவாக மத்திய அரசு 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. அச்சட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கதிர் ஊட்டும் தொட்டி குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் உட்புறம் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்று தர நிர்ணயமும் செய்யப்பட்டது. கணக்கு எளியது. தொட்டிக்கு வெளியே நிற்பவரின் கை, சுழலும் பகுதியை எட்டக் கூடாது.

பேலருக்கு அப்படித் தொட்டி வைக்க வழியில்லை. அதன் வாய் தரையைப் பார்த்துத் திறந்தபடி இருந்தால்தான் வைக்கோலை வார முடியும். ஆகவே தகடு செய்யும் காவலை இங்கே பழக்கம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அடைப்பு ஏன் ஏற்படுகிறது?

அடைப்பே ஏற்படாவிட்டால் யாரும் வாயில் கை வைக்கப் போவதில்லை. பெரும்பாலான அடைப்புகளுக்குக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல, வயலும் வைக்கோலும்தான். இது விவசாயியின் கையில் உள்ள விஷயமாதலால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதற்காரணம் ஈரம். காய்ந்த வைக்கோல் சறுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஈர வைக்கோல் நார்போல் இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று விழுந்துவிட்டால் அடுத்தடுத்து வருவதும் அதன்மேலேயே சுற்றும். அறுவடை இயந்திரத்தில் அறுத்த வைக்கோல், கதிர் முற்றியிருந்தாலும் தாள் பச்சையாகவே இருக்கும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடக்கவிட்டு, மேல் கீழாக ஒருமுறை புரட்டிவிட்ட பிறகே பேலரைக் கூப்பிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பார்க்கலாம். சலசலவென்று சத்தம் கேட்டுத் தாள் ஒடிந்தால் தயார். கயிறுபோல் முறுக்கிக்கொண்டு ஒடியாமல் இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். மேலாக இருக்கும் தாளை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வரிசையின் அடியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

தை, மாசி மாதப் பனியை மறக்கக் கூடாது. நேற்று மாலை நன்றாகக் காய்ந்திருந்த வைக்கோல் இன்று காலை எட்டு மணிக்கு நனைந்து கிடக்கும். காலை பத்து, பத்தரை மணிக்கு மேல், பனி ஈரம் உலர்ந்த பிறகு தொடங்குவதே சரி. பேலர் முதலில் எந்த வயலுக்குப் போவது என்று ஊரில் போட்டி வருவதுண்டு. காலை முதல் முறையை விட்டுக்கொடுத்து, நடுப்பகல் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்பவர் நஷ்டப்படமாட்டார். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டிய கட்டு, போரில் பூஞ்சணம் பிடித்துச் சூடேறும். மாடும் அதைத் தொடாது. ஆகவே பொறுத்திருப்பதில் மாட்டுக்கும் லாபம், கைக்கும் லாபம்.

இரண்டாவது காரணம் வைக்கோல் ஒரே சீராக இல்லாதது. அறுவடை இயந்திரம் திரும்பும் இடங்களில், வரப்பு ஓரங்களில், மூலைகளில் வைக்கோல் குவியலாக விழுந்திருக்கும். பேலர் இந்தக் குவியலை ஒரேயடியாக விழுங்கப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். இயந்திரம் வருவதற்கு முன் கவைக்கம்பால் குவியல்களைப் பரப்பி, வரிசையைச் சீராக்கி வைத்தால் போதும். ஏக்கருக்கு ஓர் ஆள் அரை நாள் வேலை. டிரைவரும் கனமான இடத்தில் கியரைக் குறைத்து மெதுவாகப் போக வேண்டும்.

மூன்றாவது, வைக்கோலோடு வரும் வேண்டாத பொருள்கள். நைலான் கயிறு, பழைய சாக்கு, உடைந்த பாட்டில், கல், கம்பி என எதுவும் கிடக்கலாம். தஞ்சைப் பகுதியில் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டிகளை அறுவடைக்குப் பின் எடுக்காமல் விட்டுவிடுவது உண்டு. கிட்டியின் கம்பியும் கயிறும் உருளையில் சுற்றினால் அரை நாள் வேலை கெடும். வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பொறுக்கிவிட வேண்டும். சேறு காயாத இடத்தில் மண்ணோடு அமுங்கிய வைக்கோலை வாராமல் விட்டுவிடுவது நல்லது. அந்த நாலு கட்டுக்கு ஆசைப்பட்டால் நாற்பது கட்டு கட்டும் நேரம் வீணாகும்.

இவ்வளவு செய்தும் அடைப்பு ஏற்படலாம். அப்போது என்ன செய்வது என்பதே முக்கியம்.

சாவி யார் கையில்?

வழக்கமாக நடப்பது இதுதான். இயந்திரம் ‘கட கட’வென்று உறுமுகிறது, வாயில் வைக்கோல் பிதுங்கி நிற்கிறது. டிரைவர் சீட்டில் இருந்தபடியே திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம், “அண்ணே, அதைக் கொஞ்சம் இழுத்து விடுங்க” என்கிறார். அவரும் இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார், அல்லது காலால் உள்ளே தள்ளுகிறார். பத்து முறைக்கு ஒன்பது முறை ஒன்றும் ஆவதில்லை. அதனாலேயே துணிச்சல் வருகிறது. பத்தாவது முறை, அடைத்திருந்த வைக்கோல் சட்டென்று விடுபட்டு முழு வேகத்தில் உள்ளே பாய்கிறது. கை அப்போது அந்த வைக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து என்று கண் பார்த்து, மனம் உணர்ந்து, விரல் பிடியை விடுவதற்கு அரை நொடியாவது ஆகும். உருளைக்கு அந்த அரை நொடி தாராளம்.

‘விட்டுவிடலாம், நாம் சுறுசுறுப்பானவர்’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. இருபது வயது இளைஞரின் கையும் அறுபது வயதுக்காரரின் கையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

அடைப்பு எடுக்கும் சரியான முறை: முதலில் டிராக்டரை நகராமல் நிறுத்தி, பி.டி.ஓ. லீவரைத் துண்டிக்க வேண்டும். அடுத்து இஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்க வேண்டும். சுழலும் பகுதிகள் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டனவா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காதால் கேட்டது போதாது. அதன் பிறகே வாயருகில் போகலாம். போனாலும் வெறுங்கையை விடாமல், கைப்பிடி வைத்த கொக்கியாலோ துறட்டியாலோ வைக்கோலைச் சிறிது சிறிதாக இழுத்து எடுக்க வேண்டும். கம்பிப் பற்கள் நின்றிருந்தாலும் கையைக் கிழிக்கும்.

சாவியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அடைப்பை யார் எடுக்கிறாரோ அவருடைய மடியில்தான் சாவி இருக்க வேண்டும். டிரைவர் எடுத்தால் டிரைவரிடம். வயல்காரர் எடுத்தால் வயல்காரரிடம். இருவர் எடுத்தால், கடைசியாக வெளியே வருபவரிடம். நகரங்களில் பழைய அட்டைப் பெட்டிகளை அமுக்கிக் கட்டும் பெரிய இயந்திரங்கள் உள்ள இடங்களிலும் இதே விதிதான். அங்கே மின்சார சுவிட்சைப் பூட்டிவிட்டு, பூட்டின் சாவியை உள்ளே கைவிடும் தொழிலாளியே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. ‘தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வயலில் நமக்குப் பூட்டு கிடையாது, சாவி இருக்கிறது.

சில பழைய டிராக்டர்களில் சாவி பெயருக்குத்தான் இருக்கும். எந்தச் சாவியைப் போட்டாலும், சில சமயம் ஆணியைச் சொருகினாலும்கூட ஸ்டார்ட் ஆகும். அப்படிப்பட்ட வண்டியில் டிரைவரே இறங்கி அடைப்பை எடுக்க வேண்டும். அவர் கீழே இருக்கும்வரை சிறுவர் உட்பட யாரையும் சீட்டில் ஏறவிடக் கூடாது.

“இஞ்சினை அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்க, பேட்டரி வீக்கு” என்று டிரைவர்கள் சொல்வது சகஜம். இது காரணமே அல்ல. பேட்டரி பலவீனமான டிராக்டரில் பேலர் ஓட்டுகிறவர், அடைப்பு வரும்போதெல்லாம் இஞ்சினை அணைக்காமலே கைவைக்கத்தான் போகிறார். வாடகை பேசும்போதே வண்டியை ஒருமுறை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

மீண்டும் ஓட்டத் தொடங்குமுன் டிரைவர் ஆட்களை எண்ணிப் பார்த்து, குரல் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். பேலருக்குப் பின்னால் குனிந்து கட்டு எடுப்பவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியமாட்டார்.

வாடகைப் பேச்சு

பேலருக்கு வாடகை பெரும்பாலும் கட்டுக் கணக்கில்தான் பேசப்படுகிறது. கட்டுக்கு இவ்வளவு என்றால், நின்ற நேரத்துக்கு டிரைவருக்குக் காசு இல்லை. எனவே அவர் நிறுத்த விரும்புவதில்லை. அடுத்த வயல்காரர் வரப்பில் காத்திருக்கிறார். வானம் வேறு கறுக்கிறது. நாமும் “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவசரப்படுத்துகிறோம். கை போவதற்கு இந்த அவசரத்திலும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கட்டு கட்டும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சினை அணைத்து, அடைப்பெடுத்து, மறுபடி ஓட்ட 5 நிமிடம் ஆனால் இழப்பு 4 கட்டு. ஒரு நாளில் ஐந்து முறை அடைத்தாலும் 20 கட்டு. இந்த இருபது கட்டின் வாடகையை டிரைவர் தலையில் கட்டாமல், ‘அடைப்பெடுக்கும் நேரத்துக்கு இவ்வளவு’ என்று முன்னதாகவே பேசிக்கொள்வது என் அபிப்பிராயத்தில் நியாயமானது. வயல்காரரின் ஈர வைக்கோலால் அடைத்தால் வயல்காரர் கொடுக்கட்டும். அப்படிக் கொடுக்க நேருமென்றால் வைக்கோலைக் காயவைப்பதிலும் தானாகவே அக்கறை வரும்.

பி.டி.ஓ. தண்டு

டிராக்டருக்கும் பேலருக்கும் நடுவே சுழலும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு ஒரு சாண் என்று கொண்டால், ஒரு நொடியில் 9 சாண் துணியை அது சுற்றி இழுத்துவிடும். நாலு முழ வேட்டி 8 சாண். ஒரு நொடிகூட வேண்டாம். சேலை மூன்று நொடி தாங்காது. துணி சுற்றி முடிந்த பிறகு அடுத்து இழுபடுவது அதை உடுத்தியிருப்பவரின் உடல்.

ஆகவே தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தே தீர வேண்டும். உறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இஞ்சின் அணைந்திருக்கும்போது உறையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தண்டு நிற்க, உறை மட்டும் தனியே சுழன்றால் நல்ல நிலை. தண்டோடு ஒட்டிக்கொண்டு சுழல மறுத்தால் அந்த உறை இருந்தும் இல்லாததுதான். உறை உடைந்துபோனால் சிலர் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். அது தண்டோடு சேர்ந்து சுழன்று, வேட்டியைப் பற்றுவதற்கு இன்னும் வசதி செய்து கொடுக்கும். உறையில் இருக்கும் சிறு சங்கிலியை டிராக்டரிலும் பேலரிலும் மாட்டிவைப்பதும் அவசியம். உறை தண்டோடு சுழலாமல் தடுப்பது அதுதான்.

சுழலும் தண்டைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் போகிற பழக்கத்தை இன்றே விட வேண்டும். நாலு எட்டு நடந்து இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். இயந்திரத்தின் பக்கம் வேலை செய்பவர் அரைக்கால் சட்டையோ, உடம்போடு ஒட்டிய கால்சட்டையோ அணிவது நல்லது. தோளில் துண்டு கூடாது; தலையில் கட்டினால் நுனி தொங்கக் கூடாது. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகி, சடையைக் கொண்டையாக முடிந்துகொள்வது நல்லது. கட்டு அடுக்கும் வேலைக்கு வரும் பெண்கள் இயந்திரத்தின் பக்கம் வராமல், கட்டு விழுந்து வண்டி அப்பால் போன பிறகு எடுக்கும்படி செய்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

தண்டிலோ சுழல் சக்கரத்திலோ உடைவதற்கென்றே ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். கடும் அடைப்பு வந்தால் அது உடைந்து இயந்திரத்தைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறதே என்று அதன் இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போடுவது தவறு. அடைப்பு வந்தால் அப்போது உடைவது கியர் பெட்டியாக இருக்கும்.

கதவும் எண்ணெய்க் குழாயும்

பின்கதவு எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி நிற்கும் வகையில், குழாய் வெடித்தாலோ யாராவது லீவரைத் தட்டினாலோ கதவு ‘தட்’டென்று விழும். கதவுக்கு அடியில் தலையைக் கொடுக்குமுன் பூட்டுத் தாழைப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் கனமான கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெய் கசிகிறதா என்று குழாயை விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துவாரத்தின் வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். ஒரு துண்டு அட்டையைப் பிடித்துப் பார்த்தால் கசிவு அதில் தெரிந்துவிடும். தோலில் பாய்ந்துவிட்டால் வலி இல்லையென்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுவர்களை அருகில் விடலாகாது. பள்ளி விடுமுறையில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் மெல்லக் கட்டு உருட்ட ஆரம்பித்து, பிறகு நூல் மாட்டவும் துணிந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 16 வயது நிறையாதவரை வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் கூலிக்கு வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. நாமும் அந்த வயதுக் கோட்டையே வைத்துக்கொள்ளலாம்.

தீ

வைக்கோல் தூசு பேரிங்குகளின்மேல் படிந்து, பேரிங் சூடேறினால் பற்றிக்கொள்ளும். நடுப்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இஞ்சினை அணைத்துவிட்டுத் தூசைத் துடைக்க வேண்டும். டிராக்டரில் ஒரு குடம் தண்ணீரும், கூடுமானால் தீயணைக்கும் சிலிண்டரும் இருக்கட்டும். பீடி, சிகரெட் வயலுக்கு வெளியே. அறைக்குள்ளிருந்து புகை வந்தால், காய்ந்த வைக்கோல் இல்லாத வெற்று நிலத்துக்கு வண்டியை ஓட்டிப் போய்க் கட்டைத் தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும். கட்டு ஏற்றிய லாரி போகும் வழியில் மின் கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்பதை ஏற்றுமுன்பே பார்த்துவைப்பது நல்லது. வைக்கோல் லாரிகள் பல கம்பி உரசியே எரிந்திருக்கின்றன.

வீட்டில் அடுக்கிய போரையும் முதல் சில வாரங்களுக்குக் கவனிக்க வேண்டும். நீண்ட இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். கை பொறுக்காத சூடு என்றால் போரைப் பிரித்துக் காற்றாட விட வேண்டும். பிரிக்குமுன் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். மாட்டுக்குப் போடும்போது கட்டின் நூலை உருவிவிடவும். பிளாஸ்டிக் நூலாக இருந்தால் கட்டாயம் உருவ வேண்டும். மாட்டின் வயிற்றில் அது செரிக்காது.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் இஞ்சினை அணைக்க வேண்டும். கை உள்ளே சிக்கியிருந்தால் இழுக்கக் கூடாது. விடுவிக்கலாம் என்று இயந்திரத்தை மறுபடி ஓட்டவும் கூடாது. உருளையின் போல்ட்டுகளைக் கழற்றித்தான் கையை எடுக்க வேண்டும். ஸ்பானர் பெட்டி இல்லாமல் பேலரை வயலில் இறக்கக் கூடாது என்பது இதற்காகவும்தான். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். வயலுக்கு வரும் வழியைச் சொல்ல, சாலையில் ஓர் ஆளை நிறுத்தவும்.

இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். சாணம், காப்பித் தூள், மஞ்சள் எதையும் வைத்துக் கட்டக் கூடாது. விரலோ கையோ துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட வேறொரு பையில் வைக்க வேண்டும். துண்டான பகுதி நேரே பனிக்கட்டியில் படக் கூடாது. பட்டால் சதை கெட்டுப்போகும். நேரம் தவறாமல் போனால் மீண்டும் பொருத்த வாய்ப்பு உண்டு. முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய பகுதியானால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும்.

சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் அட்டை பெற்றிருந்தால், விபத்தில் உறுப்பு இழந்தாலும் உயிர் இழந்தாலும் உதவித் தொகை உண்டு. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டு தூக்க வரும் ஆட்களிடமும் அட்டை இருக்கிறதா என்று வேலைக்கு அழைக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. பேலர் பற்றிய மற்ற விவரங்களை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் தெரிந்துகொள்ளலாம்.